நினைவுச் சில்லும் பங்குதாரர் வழக்கும்



இன்று நாம் ஆராயப்போவது ஒரு வழக்கு. இது நீதிமன்ற வழக்கன்று. அமெரிக்கப் பங்குச் சந்தையில் 40 ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் வழக்கு. மைக்ரோன் என்னும் நினைவுச் சில்லு நிறுவனத்தைப் பற்றியது. "இந்நிறுவனத்தின் நிர்வாகம் திறமையானது, இதன் எதிர்காலம் ஒளி மிகுந்தது" என்பது ஒரு சாராரின் வாதம். "இது ஏறி இறங்கும் சரக்கு வாணிகம், இதில் திறமைக்கு வேலையில்லை, காலத்துக்குத்தான் வேலை" என்பது மறு சாராரின் வாதம். இரு பக்கத்திலும் படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் இருக்கிறார்கள்.

இது நமக்கு எட்டாத செய்தி என்று வானொலியை மூடிவிட வேண்டாம். மைக்ரோனின் தொழிற்சாலைகள் ஜொகூர் மூவாரிலும், பினாங்கின் பத்து காவானிலும், சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலும் இருக்கின்றன. பத்து காவான் என்றால் நம் பாட்டன்மாருக்குக் கரும்பும் கித்தாவும் செம்பனையுமாகத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். அங்கே இன்று நம் பிள்ளைகள் வெள்ளை மேலங்கி அணிந்து இயந்திரங்களுக்கு முன் நிற்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் சிலர் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும், "பிள்ளை வேலை செய்கிற கம்பெனியின் பங்கை வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். அக்கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை கூறுவது நம் வேலையன்று. ஆனால் அந்த வழக்கின் இரு பக்கத்தையும் தெரிந்துகொள்ளாமல் யாரும் பணத்தை எடுத்து வைக்கக் கூடாது.

நினைவுச் சில்லு என்பது என்ன? கணினியும் கைத்தொலைபேசியும் கணக்குப் போடும்போது, அந்தக் கணக்கைத் தற்காலிகமாக எழுதி வைக்கும் பலகை அது. நுண்ணிய கிண்ணங்கள் கோடிக்கணக்கில் அதற்குள் இருக்கின்றன. கிண்ணத்தில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையென்றால் சுழி. அந்தக் கிண்ணங்கள் ஓட்டைக் கிண்ணங்கள். மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒரு நொடிக்குள் பல முறை திரும்பத் திரும்ப நிரப்ப வேண்டும். வாய்ப்பாட்டை நாள்தோறும் ஒப்பிக்கச் சொல்லாவிட்டால் மறந்துபோகும் மாணவனைப் போன்றது இது. ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கும். டிராம் என்று அழைக்கப்படும் இச்சில்லை ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு கண்டறிந்தார். காப்புரிமை 1968இல் கிடைத்தது. மின்சாரம் நின்றாலும் மறக்காத வேறொரு வகையும் உண்டு. சிங்கப்பூர் ஆலைகளில் பெரும்பாலும் செய்யப்படுவது அதுதான்.

இனி வழக்கின் வேருக்கு வருவோம். நம் தோட்டங்களில் இரப்பர் ஷீட்டைப் புகை போட்டுத் தரம் பிரித்துக் கட்டி அனுப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். முதல் தரம் என்று முத்திரை விழுந்துவிட்டால், அது சுங்கை சிப்புட்டிலிருந்து வந்ததா சிகாமாட்டிலிருந்து வந்ததா என்று வாங்குகிறவன் கேட்கவில்லை. அன்றைய விலை எதுவோ அதுதான் எல்லாருக்கும். டிராமும் அப்படித்தான். எல்லா நிறுவனங்களும் ஒரே அளவுத் திட்டப்படி செய்கின்றன. ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றொன்றை மாட்டலாம். "எங்கள் சரக்கு உயர்ந்தது, கூட்டிக் கொடு" என்று எளிதில் கேட்க முடியாது.

விலை ஏறும்போது தோட்டக்காரன் என்ன செய்வான்? புதிதாகக் கன்று நடுவான். கன்று பால் கொடுக்க ஆறு ஏழு ஆண்டு ஆகும். ஊரிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் எல்லாருடைய மரமும் ஒரே நேரத்தில் பால் கொடுக்கும். அப்போது விலை விழும். சில்லு ஆலைக்கு ஆறு ஆண்டு ஆகாது; இரண்டு மூன்று ஆண்டு போதும். ஆனால் கதை அதுவேதான். மற்றொன்றும் உண்டு. ஒரு பெரிய ஆலையைக் கட்ட ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவாகும். அந்தச் செலவு முன்னதாகவே முடிந்துவிடுகிறது. விலை விழுந்தாலும் ஆலையை நிறுத்தினால் நட்டம் கூடும் என்பதால், ஒவ்வொருவனும் ஓட்டிக்கொண்டே இருப்பான். எல்லாரும் ஓட்டுவதால் விலை இன்னும் விழும்.

மைக்ரோனின் கணக்கேட்டைப் பாருங்கள். அதன் கணக்காண்டு ஆகஸ்டு இறுதியை ஒட்டி முடிகிறது. 2018 கணக்காண்டில் விற்பனை 3,040 கோடி அமெரிக்க டாலர். 2020இல் 2,140 கோடியாக இறங்கியது. 2022இல் 3,080 கோடிக்கு ஏறியது. மறு ஆண்டே பாதியாகி 1,550 கோடிக்கு விழுந்தது. அவ்வாண்டு நட்டம் மட்டும் 580 கோடி. 2025இல் 3,740 கோடி. வேறெந்தப் பெரிய தொழிலிலும் இத்தகைய ஏற்றயிறக்கத்தைக் காண்பது அரிது.

இந்த இடத்தில்தான் முதலீட்டாளர் பலர் வழுக்கி விழுகிறார்கள். சற்றே நின்று பார்ப்போம்.

பங்கு மலிவா விலையேறியதா என்று பார்க்க உலகெங்கும் ஒரு கணக்குப் போடுவார்கள். பங்கின் விலையை, ஒரு பங்குக்கு உரிய ஓராண்டு இலாபத்தால் வகுப்பார்கள். 2018 கணக்காண்டின் முடிவுகள் அறிவிக்கப்பட்டபோது மைக்ரோன் பங்கின் விலை 45 டாலரை ஒட்டி இருந்தது. ஒரு பங்குக்குரிய இலாபம் 11 டாலருக்கு மேல். வகுத்தால் நான்கு. அதாவது நான்கே ஆண்டுப் பால் விற்பனையில் முதல் திரும்பிவிடும் மாடு! மற்ற நிறுவனங்களில் பதினைந்து, இருபது என்று கொடுக்கும் நாளில் இது நான்கு. "இதைவிட மலிவு உண்டா?" என்றனர் ஒரு சாரார். "இந்த மாடு அடுத்த ஆண்டும் இதே பாலைக் கொடுக்குமா?" என்றனர் மறு சாரார்.

கொடுக்கவில்லை. 2018இல் 1,410 கோடி டாலராக இருந்த இலாபம் 2019இல் 630 கோடி. 2020இல் 270 கோடி. பங்கின் விலையும் 2018 டிசம்பரில் 30 டாலரை ஒட்டி வந்துவிட்டது. இதற்கு நேர்மாறாக 2023ஐப் பாருங்கள். நட்டம் வந்த ஆண்டு அது. வகுப்பதற்கே இலாபம் இல்லை. பள்ளிக் கணக்குப்படி எட்டிக்கூடப் பார்க்கக் கூடாத பங்கு. ஆனால் அவ்வாண்டு நடுவில் 65 டாலர் அளவில் வாங்கியவர் ஓராண்டில் இரு மடங்குக்கு மேல் கண்டார். சரக்கு வாணிகத்தில் இலாபம் உச்சியில் இருக்கும்போது பங்கு மலிவாகத் தோன்றும்; நட்டத்தில் கிடக்கும்போது எட்டாத விலையாகத் தோன்றும். வகுத்தல் கணக்கில் தவறில்லை. வகுக்கும் எண்ணை எந்த ஆண்டிலிருந்து எடுத்தோம் என்பதில்தான் சூட்சுமம்.

இதில் பெரியவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். டேவிட் ஐன்ஹார்ன் என்னும் புகழ்பெற்ற முதலீட்டாளர் நடத்தும் கிரீன்லைட் நிதி, 2013இல் இப்பங்கால் இலாபம் கண்டது. 2015இல் இதே பங்கால் அடிவாங்கியது. 2021 ஆகஸ்டில் மோர்கன் ஸ்டான்லி வங்கியின் ஆய்வாளர்கள் நினைவுச் சில்லுத் தொழிலுக்குக் குளிர்காலம் வரப்போகிறது என்று அறிக்கை விட்டார்கள். பங்கு இறங்கியது, பிறகு ஏறி 2022 சனவரியில் 98 டாலரைத் தொட்டது. அறிக்கையைக் கேலி செய்தவர்கள் சிரித்து முடிப்பதற்குள் உண்மையாகவே குளிர்காலம் வந்தது. அவ்வாண்டு இறுதிக்குள் விலை ஏறத்தாழ பாதியாயிற்று. அவர்கள் பருவத்தைச் சரியாகச் சொன்னார்கள். மாதத்தைச் சொல்ல முடியவில்லை. அதற்கும் முன்னே, 2000ஆம் ஆண்டு நடுவில் 90 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியவர் கதையைக் கேளுங்கள். 2008 நவம்பரில் அதன் விலை 2 டாலருக்கும் கீழே. போட்ட முதலைத் திரும்பக் காண அவர் 20 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாற்பது வயதில் வாங்கியவருக்கு அறுபது கடந்துவிடும் அல்லவா?

அடுத்தது நிர்வாகம்.

1978ஆம் ஆண்டு ஐடஹோ மாநிலத்து பாய்சி நகரில், ஒரு பல் மருத்துவ மனையின் நிலவறையில் நால்வர் இந்நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பணம் போட்டுக் கைதூக்கிவிட்டவர்களில் முதன்மையானவர் ஜே. ஆர். சிம்ப்ளாட் என்னும் உருளைக்கிழங்கு வணிகர். மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கு உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவல் அனுப்பியவர் அவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். (இதைக் கேட்டு மாணவர்கள் யாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டாம்!) கிழங்கின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்குச் சில்லின் விலை இறங்கியது புதுமையாகப் படவில்லை. 1985இல் சப்பானியச் சில்லுகள் அடக்க விலைக்கும் கீழே வந்து குவிந்தபோது இன்டெல் நிறுவனமே டிராம் தொழிலை விட்டு வெளியேறியது. மைக்ரோன் வெளியேறவில்லை. அமெரிக்க அரசிடம் முறையிட்டுக்கொண்டே தொழிலில் நீடித்தது.

பிறகு தலைமைக்கு வந்தவர் ஸ்டீவ் ஆப்பிள்டன். 1983இல் இரவு வேலைத் தொழிலாளியாகச் சேர்ந்தவர், 1994இல் தலைமை நிர்வாகியானார். 1996இல் இயக்குநர் குழு அவரை நீக்கி, ஒன்பதே நாளில் திரும்ப அழைத்தது. முதலீட்டாளர்களுக்கு நிர்வாகத்தின் மீது ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. ஆப்பிள்டனுக்குச் சாகச விமானம் ஓட்டுவதில் விருப்பம் மிகுதி. 2004இல் ஒரு முறை விழுந்து காயமுற்றார். 2012 பிப்ரவரி 3ஆம் நாள் பாய்சி விமான நிலையத்தில் விழுந்து உயிர் துறந்தார். பல்லாயிரம் பேரின் பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர் இப்படி உயிரைப் பணயம் வைக்கலாமா, இயக்குநர் குழு தடுத்திருக்க வேண்டாமா என்று அப்போது எழுந்த வாதம் ஞாயமான வாதமே. சில நாட்களுக்கு முன்புதான் ஓய்வு பெறப்போவதாக அறிவித்திருந்த மார்க் டர்கன், ஓய்வை விட்டுவிட்டுத் தலைமை ஏற்றார்.

அதே மாத இறுதியில் சப்பானின் எல்பிடா நிறுவனம் திவாலானது. மைக்ரோனும் அவ்வாண்டு நட்டத்தில் இருந்தது. அந்த நிலையிலும் ஏறத்தாழ 20,000 கோடி யென் என்ற கணக்கில் எல்பிடாவை வாங்க ஒப்பந்தம் செய்து 2013 சூலையில் முடித்தது. "அடிமாட்டு விலை" என்று எல்பிடாவின் கடன் பத்திரக்காரர்கள் தோக்கியோ நீதிமன்றத்தில் எதிர்த்தார்கள்; எடுபடவில்லை. எதிரி விழுந்து கிடக்கும்போது அவனுடைய ஆலையை மலிவாக வாங்குவதே இத்தொழிலில் நிர்வாகத் திறமை என்று ஆதரவாளர்கள் கூறுவதற்கு இதுதான் சிறந்த சான்று. நம் கருத்தும் அதுவே. விலை நல்ல விலையாக இருந்த ஆண்டில் இலாபம் காட்டியதற்காக யாரையும் பாராட்ட வேண்டியதில்லை. மழை பெய்தால் எல்லார் வீட்டுக் குளமும் நிரம்பும்.

2017 மே மாதம் தலைமை ஏற்றவர் சஞ்சய் மெஹ்ரோத்ரா. கான்பூரில் பிறந்தவர், சான்டிஸ்க் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர். அவர் காலத்தைப் பற்றியும் வழக்கு உண்டு. குறை கூறுவோர் இரண்டு இடத்தைச் சுட்டுகிறார்கள். இன்டெலுடன் சேர்ந்து 2015இல் பெரிய அளவில் அறிவித்த புதுவகை நினைவகத்தை 2021இல் கைவிட்டு, அதற்கென்றிருந்த யூட்டா மாநில ஆலையை 90 கோடி டாலருக்கு விற்றார்கள். அடுத்தது, சில்லுகளை அடுக்கு மாடி போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை. மைக்ரோன் தனக்கென ஒரு வழியைப் பிடித்து 2018 வரை நடந்தது. உலகம் எஸ்.கே. ஹைனிக்ஸ் நடந்த வழியில் போயிற்று. செயற்கை நுண்ணறிவு இயந்திரங்களுக்கு அந்த அடுக்குச் சில்லுதான் உயிர் என்று தெரிய வந்தபோது மைக்ரோன் பின்தங்கி நின்றது. 2024 பிப்ரவரியில்தான் என்விடியாவின் இயந்திரத்துக்காகப் பெருமளவில் செய்யத் தொடங்கியதாக அறிவித்தது.

ஆதரவாளரோ, "தவறான வழியை விட்டுத் திரும்பியதும் நிர்வாகம்தானே? ஒரு தலைமுறைச் சில்லைத் தாண்டிக் குதித்து எட்டிப் பிடிக்கவில்லையா?" என்கிறார்கள். நமக்கு ஒன்று மட்டும் புலப்படுகிறது. இவ்வழியைத் தேர்ந்தெடுத்ததில் பாதிப் பொறுப்பு மெஹ்ரோத்ராவுக்கு முன்பிருந்தவர்களுடையது. இன்று நடும் கன்றின் பாலை நாளைய நிர்வாகி வெட்டுகிறார். பாராட்டும் பழியும் ஆள் மாறிப் போய்ச் சேர்கின்றன. ஆகவே இத்தொழிலில் ஒரு நிர்வாகியைப் பதவியில் இருக்கும்போது அளப்பது கடினம்.

எதிர்காலம் எப்படி? டிராம் செய்தவர்கள் ஒரு காலத்தில் இருபது பேருக்கு மேல். செர்மனியின் கிமொண்டா 2009இல் திவால், எல்பிடா 2012இல். இன்று உலகச் சந்தையில் பத்தில் ஒன்பது பங்கை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூவர் பகிர்ந்துகொள்கிறார்கள். "மூவர்தான் என்றால் அளவோடு செய்வார்கள், பழைய வெள்ளமும் வறட்சியும் இனி வராது" என்பது நம்பிக்கைக் கட்சியின் தலையாய வாதம். மும்பையில் பிறந்த அமெரிக்க முதலீட்டாளர் மோனிஷ் பாப்ராய் 2018 முதல் இப்பங்கைப் பெருமளவில் வைத்திருந்ததும் இந்த வாதத்தின் பேரில்தான். அதற்குப் பின்னும் 2019இலும் 2023இலும் வறட்சி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூவரும் கூடிப் பேசி அளவைக் குறைப்பதும் முடியாது, அது குற்றம். அப்படி விலை பேசிக்கொண்டதற்காக அமெரிக்காவில் 2005இல் சாம்சங் 30 கோடி டாலர் அபராதம் கட்டியது. அவ்வழக்கில் அரசுடன் ஒத்துழைத்ததால் மைக்ரோன் அபராதத்திலிருந்து தப்பியது.

இரப்பரிலும் இந்த முயற்சி நடந்ததை நாம் அறிவோம். 1922இல் ஸ்டீவன்சன் திட்டம் என்று கொண்டுவந்து மலாயாவிலும் இலங்கையிலும் உற்பத்தியைக் குறைத்தார்கள். பக்கத்தில் டச்சுக்காரர் ஆண்ட இந்தோனீசியத் தீவுகள் அதில் சேரவில்லை. அங்கே சிறு தோட்டக்காரர்கள் நட்டுக் குவித்தார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. இன்றைய சில்லுத் தொழிலில் அந்த இடத்தில் நிற்பது சீனா. 2016இல் ஹெஃபெய் நகரில் தொடங்கிய சாங்ஷின் நிறுவனம் அரசு ஆதரவோடு வளர்ந்து வருகிறது. இலாபத்தைப் பார்த்து ஆலை கட்டுகிறவனோடு போட்டியிடலாம். இலாபத்தைப் பாராமல் கட்டுகிறவனோடு போட்டியிடுவது வேறு. சந்தையும் அங்கே குறுகியது. 2023 மே மாதம் சீன அரசு தன் முக்கியக் கட்டமைப்புகளில் மைக்ரோன் சரக்கை வாங்கக் கூடாது என்று தடை விதித்தது.

நம்பிக்கைக் கட்சியிடம் புதிய ஆயுதம் ஒன்றும் இருக்கிறது. அடுக்குச் சில்லு செய்ய, சாதாரணச் சில்லுக்கு வேண்டியதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தகடு தேவைப்படுகிறது. அதைச் செய்யச் செய்ய, சாதாரணச் சில்லுக்குத் தட்டுப்பாடு வருகிறது. 2025இன் பிற்பகுதியில் அதுவே நடந்து விலை ஏறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரோன், கடைகளில் நேரடியாக விற்றுவந்த குரூஷியல் வாணிகத்தையே மூடப்போவதாக அறிவித்துப் பெரிய வாடிக்கையாளர் பக்கம் திரும்பியது. அடுக்குச் சில்லை முன்கூட்டியே விலையும் அளவும் பேசி விற்கிறார்கள். ஆகவே இது ஷீட் இரப்பர் போன்ற சரக்கே இல்லை என்பது அவர்கள் கட்சி. இது வலுவான வாதம்தான். ஆனால் வாங்குகிறவர்கள் சிலரே. அந்தச் சிலரும் செயற்கை நுண்ணறிவு என்னும் ஒரே மழையை நம்பிப் பயிர் வைத்தவர்கள். கொரியப் போர்க் காலத்தில் 1950, 51இல் இரப்பர் விலை ஏறியபோது, அது இறங்காது என்று நம்பியவர்களும் அறிவிலிகள் அல்லர்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட பெற்றோரின் கேள்விக்கு வருவோம். பிள்ளையின் சம்பளம் ஒரு நிறுவனத்திலிருந்து வருகிறது. பெற்றோரின் சேமநிதிப் பணமும் அதே நிறுவனத்துப் பங்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 டிசம்பரில் மைக்ரோன், உலகெங்கும் உள்ள தன் ஊழியரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினரைக் குறைக்கப் போவதாகவும் ஊக்கத்தொகையை நிறுத்துவதாகவும் அறிவித்தது. பங்கின் விலை பாதியாக நின்றதும் அதே மாதத்தில்தான். வேலையும் சேமிப்பும் ஒரே நாளில் ஆட்டம் காணும். வேண்டாத நேரத்தில், வந்த விலைக்கு விற்கும் நிலை அத்தகைய குடும்பத்துக்குத்தான் முதலில் வரும். அமெரிக்காவில் இருந்துகொண்டு வாதாடும் பெரிய முதலீட்டாளருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் ஐந்து ஆண்டு காத்திருப்பார். ஆகவே அவருடைய வாதம் சரியாக இருந்தாலும் அது அவருக்குச் சரி.

வாங்குவதானால் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நட்ட ஆண்டில் நிறுவனத்தின் கடன் எவ்வளவு இருந்தது? ஒரு சில்லுக்கு ஆகும் செலவு சாம்சங்கைவிடக் கூடியதா குறைந்ததா? இலாபம் கொழித்த ஆண்டில் அந்தப் பணத்தை ஆலையில் போட்டார்களா, தன் பங்கைத் தானே வாங்கினார்களா? 2018 மே மாதம், இலாபம் உச்சியை நெருங்கிய வேளையில்தான், 1,000 கோடி டாலர் வரை தன் பங்கைத் திரும்ப வாங்கும் திட்டத்தை மைக்ரோன் அறிவித்தது. இதற்கெல்லாம் விடை ஆண்டறிக்கையில் இருக்கிறது. ஆங்கிலம் தெரிந்த பிள்ளையை அருகில் அமர்த்திக்கொண்டு படிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இப்போது எல்லாரும் கன்று நடுகிறார்கள். சிங்கப்பூரில் 700 கோடி டாலர் செலவில் அடுக்குச் சில்லு ஆலைக்கு 2025 சனவரியில் மைக்ரோன் அடிக்கல் நாட்டியது. ஐடஹோவில் எழும் புதிய ஆலையிலிருந்து 2027ஆம் ஆண்டின் நடுவில் முதல் சரக்கு வரும் என்று அறிவித்திருக்கிறது. கொரிய நிறுவனங்கள் இரண்டும் தங்கள் நாட்டில் புதிய ஆலைகளை எழுப்பி வருகின்றன. இவையெல்லாம் பால் கொடுக்கத் தொடங்கும் ஆண்டில் சில்லின் விலையைப் பார்த்தால், இரு கட்சியில் எது சொன்னது நடந்தது என்று நமக்குத் தெரிந்துவிடும்.